வண்ணத்துக்கென ஒரு தனி விருது

ஆஸ்கர் என்று உலகெங்கும் அறியப்படும் அமெரிக்கத் திரைப்பட அகாடமியின் விருதுகளில், 1939 முதல் 1966 வரை வெளிவந்த படங்களுக்கு, இடையில் ஓராண்டு நீங்கலாக, ஒளிப்பதிவுக்கென இரண்டு விருதுகள் அளிக்கப்பட்டன: ஒன்று கறுப்பு-வெள்ளைப் படத்துக்கு, மற்றது வண்ணப் படத்துக்கு. ஒரே கலையை இவ்வாறு இரண்டாகப் பிரித்துப் பார்த்ததற்கு அழகியல் காரணம் எதுவும் முதலில் இருக்கவில்லை. வண்ணப் படம் எடுப்பது அன்று தனிக் கருவியும் தனிப் பயிற்சியும் தேவைப்பட்ட வேறொரு தொழிலாக இருந்தது. அந்தத் தொழிலின் ஒளியியலும் வேதியியலும் யார் கையில் இருந்தன என்பதை இவ்விருதின் பட்டியல், விருதுக் குழுவினர் எண்ணியதைவிடத் துல்லியமாகவே பதிவு செய்து வைத்திருக்கிறது. (இங்கே தரப்படும் விருது ஆண்டுகள் படங்களுக்கு உரியவை, விழாக்கள் பெரும்பாலும் அடுத்த ஆண்டில் நடந்தன.)

படச்சுருளின் மீது பூசப்படும் வெள்ளி உப்புகள் தம்மீது விழும் ஒளியின் அளவை மட்டுமே அறியும். அதன் நிறத்தை அறியா. ஆகவே ஒரு காட்சியின் நிறத்தைப் பதிவு செய்ய வேண்டுமானால், அதன் சிவப்பு, பச்சை, நீலக் கூறுகளை வடிகட்டிகளால் பிரித்து, மூன்று தனித்தனிக் கறுப்பு-வெள்ளைப் பதிவுகளாக எடுத்துக்கொண்டு, பின்னர் அவற்றை ஒன்றுசேர்க்க வேண்டும். ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1861-இல் லண்டனில் செய்து காட்டிய சோதனையின் சாரம் இதுவே. அசையாத பொருளை மூன்று முறை படமெடுப்பது எளிது. நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும் கேமராவில் அந்த மூன்று பதிவுகளையும் ஒரே கணத்தில், ஒரே கோணத்திலிருந்து எடுப்பதே கடினம். 1915-இல் ஹெர்பர்ட் கால்மஸும் டேனியல் காம்ஸ்டாக்கும் கூட்டாளிகளோடு தொடங்கிய டெக்னிகலர் நிறுவனம் இந்தச் சிக்கலை அவிழ்ப்பதற்குப் பல ஆண்டுகளைச் செலவிட்டது. 1922-இல் வந்த ‘தி டோல் ஆஃப் தி ஸீ’ போன்ற அதன் தொடக்க காலப் படங்களில் சிவப்பு, பச்சை ஆகிய இரு பதிவுகளே இருந்தன. முகத்தின் நிறம் ஓரளவு இயல்பாக வந்தது, வானத்தின் நீலமோ வரவில்லை.

1932-இல் ஆயத்தமான மூன்று-சுருள் கேமரா அந்தக் குறையைப் போக்கியது. லென்சுக்குப் பின்னால் இரண்டு முப்பட்டகங்களை ஒட்டி ஒரு கனசதுரமாக்கி, அவை சேருமிடத்தில் மெல்லிய உலோகப் பூச்சு இடப்பட்டிருந்தது. உள்ளே வந்த ஒளியின் ஒரு பகுதி அப்பூச்சைக் கடந்து நேராகச் சென்று பச்சை வடிகட்டி வழியே ஒரு சுருளில் பதிய, எஞ்சிய பகுதி செங்கோணத்தில் திரும்பி, சிவப்பையும் நீலத்தையும் மட்டும் கடத்தும் மெஜந்தா வடிகட்டியைத் தாண்டி, முகத்தோடு முகம் ஒட்டி ஓடும் இரண்டு சுருள்களை அடைந்தது. அவற்றுள் முன்சுருள் நீலத்தை மட்டும் பதிந்துகொண்டு, தன் மேற்பரப்பிலிருந்த செஞ்சாயத்தால் சிவப்பை மட்டும் பின்சுருளுக்கு விட்டது. இவ்வாறு கிடைத்த மூன்று நெகட்டிவ்களும் கறுப்பு-வெள்ளை நெகட்டிவ்களே. ஒவ்வொன்றிலிருந்தும் ஜெலட்டினாலான மேடுபள்ளப் படிவம் ஒன்று ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டு, அதற்குரிய சாயத்தில் நனைக்கப்பட்டது: சிவப்புப் பதிவுக்குச் சிவப்பை உறிஞ்சும் பசுநீலம், பச்சைக்கு மெஜந்தா, நீலத்துக்கு மஞ்சள். துணிக்கு அச்சுக்கட்டையால் அடுத்தடுத்து நிறமேற்றுவதைப் போல, இம்மூன்று படிவங்களும் ஒரே படச்சுருளின்மீது இம்மியும் விலகாமல் அழுத்தப்பட்டபோது வண்ணப் பிரதி கிடைத்தது.

இந்தப் பொறியமைப்பின் விளைவுகள் படப்பிடிப்புத் தளம் முழுவதிலும் தெரிந்தன. ஒளி மூன்றாகப் பிரிக்கப்பட்டு வடிகட்டிகளில் பெரும்பகுதி இழக்கப்பட்டதால், கறுப்பு-வெள்ளைக்குத் தேவைப்பட்டதைப் போலப் பல மடங்கு வெளிச்சம் வேண்டியிருந்தது. அந்த வெளிச்சத்தைத் தந்த கார்பன் வில்விளக்குகளின் வெப்பத்தில் நடிகர்கள் நிற்க வேண்டியிருந்தது. கேமராவோ விலைக்குக் கிடைக்காது. டெக்னிகலர் அதை வாடகைக்கு மட்டுமே கொடுத்தது. கூடவே தன் ஒளிப்பதிவாளரையும், உடைகளும் அரங்கச் சுவர்களும் எந்த நிறத்தில் இருக்கலாம் என்று சொல்லும் வண்ண ஆலோசகரையும் அனுப்பியது. எடுத்த சுருளைத் தன் ஆய்வகத்திலேயே கழுவி அச்சிட்டது. அந்த ஆலோசகர் பதவியில் பல ஆண்டுகள் நடாலி கால்மஸின் பெயரே படங்களின் தலைப்புகளில் இடம்பெற்றது. படநிறுவனத்தின் ஒளிப்பதிவாளர் ஒருவர், டெக்னிகலர் அனுப்பிய ஒளிப்பதிவாளர் ஒருவர் என இருவர் ஒரு படத்துக்குப் பொறுப்பேற்கும் வழக்கம் இப்படித்தான் வேரூன்றியது.

அகாடமியின் முதல் வண்ண விருதுகளில் இந்த இரட்டைப் பெயர்கள் அப்படியே தென்படுகின்றன. 1936-இன் ‘தி கார்டன் ஆஃப் அல்லா’ படத்துக்காக டெக்னிகலரின் டபிள்யூ. ஹோவர்ட் கிரீனும் மெட்ரோ நிறுவனத்தின் ஹெரால்ட் ராஸனும் சிறப்பு விருதைப் பகிர்ந்துகொண்டனர். அடுத்த ஆண்டு, அவ்வாண்டின் வண்ணப் படங்கள் அனைத்தையும் பார்த்த முன்னணி ஒளிப்பதிவாளர்களின் குழு ஒன்று ‘எ ஸ்டார் இஸ் பார்ன்’ படத்துக்காகக் கிரீனின் பெயரைப் பரிந்துரைத்தது. 1938-இல் ‘ஸ்வீட்ஹார்ட்ஸ்’ படத்துக்காக ஆலிவர் மார்ஷுடன் சிறப்பு விருது பெற்ற ஆலன் டேவியும் டெக்னிகலரைச் சேர்ந்தவரே. ஓராண்டின் எல்லா வண்ணப் படங்களையும் ஒரு குழு உட்கார்ந்து பார்த்துவிட முடிந்தது என்பதிலிருந்தே, அன்று அவை எவ்வளவு அரியவையாக இருந்தன என்பது விளங்கும்.

1939-இல் வண்ண ஒளிப்பதிவு முறையான போட்டிப் பிரிவானது. முதல் விருது ‘கான் வித் தி விண்ட்’ படத்துக்காக எர்னஸ்ட் ஹாலருக்கும் ரே ரென்னஹனுக்கும் சென்றது. ரென்னஹன் இரு-நிறக் காலத்திலிருந்தே டெக்னிகலரில் உழைத்தவர். மூன்று-சுருள் முறையில் எடுக்கப்பட்ட முதல் முழுநீளக் கதைப்படமான ‘பெக்கி ஷார்ப்’ 1935-இல் அவர் கையில்தான் உருவானது. முன்பைவிடக் குறைந்த ஒளியிலேயே பதியக்கூடிய புதிய படச்சுருள் 1939 வாக்கில் வந்துசேர்ந்ததால், இருளும் விளக்கொளியும் கலந்த காட்சிகளை வண்ணத்தில் துணிந்து எடுக்க வழி பிறந்தது. ‘கான் வித் தி விண்ட்’ படத்தின் அந்தி வானங்களும் நிழலுருவங்களும் அந்தத் துணிவின் விளைச்சலே.

1940-இன் விருது ‘தி தீஃப் ஆஃப் பாக்தாத்’ படத்துக்காக ஜார்ஜ் பெரினாலுக்குக் கிடைத்தது. மைசூர்ப் பகுதியில் யானைப்பாகர் ஒருவரின் மகனாகப் பிறந்த சாபு நடித்த இந்தப் படம், லண்டனில் தொடங்கிப் போர் காரணமாக அமெரிக்காவில் முடிக்கப்பட்டது. நீலத் திரைக்கு முன்னால் நடிகரை நிறுத்திப் படமெடுத்து, பின்னணியை மாற்றிவிடும் உத்தியை லாரன்ஸ் பட்லர் இதில் வெற்றிகரமாகக் கையாண்டு, சிறப்புக் காட்சிகளுக்கான விருதைப் பெற்றார். காட்சியின் நீலப் பதிவு தனிச் சுருளாகவே கிடைத்ததால்தான் பின்னணியையும் நடிகரையும் பிரித்தெடுக்க அவருக்கு எளிதாயிற்று. மூன்று-சுருள் கேமராவின் சுமையாகக் கருதப்பட்ட அமைப்பே இங்கே புதியதொரு கலைக்குக் கருவியாகியிருக்கிறது.

அடுத்த பத்தாண்டுகளில் இவ்விருதை ஆண்டவர் லியான் ஷாம்ராய். ‘தி பிளாக் ஸ்வான்’ (1942), ‘வில்சன்’ (1944), ‘லீவ் ஹெர் டு ஹெவன்’ (1945) ஆகிய மூன்றுக்கும், நெடுநாள் கழித்து ‘கிளியோபாட்ரா’வுக்கும் (1963) அவர் பெற்ற நான்கு விருதுகளுமே வண்ணப் பிரிவில் பெற்றவை. இவற்றுள் ‘லீவ் ஹெர் டு ஹெவன்’ தனித்து நிற்கிறது. பொறாமையால் கொலைவரை செல்லும் ஒரு பெண்ணின் கதையை, அக்காலத்துக் குற்றப் படங்களின் வழக்கப்படி இருட்டுக்குள் ஒளித்துவைக்காமல், பட்டப்பகல் ஏரியின் தெளிந்த நீரிலும் பச்சைப் பசேலென்ற கரையிலும் அவர் நடத்திக் காட்டினார். வண்ணம் என்றால் களியாட்டம், வரலாற்றுப் பகட்டு, கற்பனைக் கதை என்றிருந்த எண்ணத்தை அந்தப் படம் உடைத்தது.

ஆயினும் மூன்று-சுருள் முறையின் உச்சமாகச் சொல்லத் தக்கது, 1947-இல் ஜாக் கார்டிஃபுக்கு விருது பெற்றுத் தந்த ‘பிளாக் நார்சிஸஸ்’ என்ற பிரிட்டிஷ் படமே. டார்ஜிலிங்குக்கு அப்பால் இமயச் சரிவில் உள்ள ஒரு பழைய அரண்மனையில் கன்னியர் மடம் நடத்த முயலும் பெண்களைப் பற்றிய இந்தக் கதைக்காகப் படக்குழு இந்தியாவுக்கு வரவேயில்லை. பனிச் சிகரங்களும் பாதாளப் பள்ளத்தாக்குகளும் லண்டனுக்கு அருகிலுள்ள பைன்வுட் தளத்தில், கண்ணாடியில் தீட்டிய ஓவியங்களைக் காட்சியோடு இணைத்து உருவாக்கப்பட்டன. கார்டிஃப் ஓவியங்களை ஆழ்ந்து பயின்றவர். வெர்மீர் போன்றோர் ஒரு பக்கச் சாளரத்து ஒளியை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதிலிருந்து பாடம் கற்றவர். நிழலுக்கும் நிறம் உண்டு, அது பெரும்பாலும் வெளிச்சத்தின் நிறத்துக்கு எதிர்நிறமாகக் கண்ணுக்குப் படும் என்ற ஓவியரின் அறிவை அவர் விளக்கமைப்பில் கொண்டுவந்தார். படம் முழுக்க வெண்ணிற அங்கிகளோடு நடமாடும் கன்னியருள் ஒருத்தி இறுதியில் அடர்சிவப்பு உடையும் உதட்டுச் சாயமும் அணிந்து தோன்றும் இடத்தில், கதையின் திருப்பத்தை வசனத்துக்கு முன்பே நிறம் சொல்லிவிடுகிறது. இதே கார்டிஃப் மறுஆண்டு ஒளிப்பதிவு செய்த ‘தி ரெட் ஷூஸ்’ ஒளிப்பதிவுப் பிரிவில் பரிந்துரைப் பட்டியலில்கூட இடம்பெறவில்லை என்பது விருதுகளின் தீர்ப்பை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கு அளவுகோல்.

1948-இன் ‘ஜோன் ஆஃப் ஆர்க்’ படத்துக்கு மூவர் விருது பெற்றனர். அவர்களுள் ஒருவரான வின்டன் ஹோக் இயற்பியல் படித்து, டெக்னிகலரின் ஆய்வகத்தில் பணியாற்றி, அங்கிருந்து கேமராவுக்கு வந்தவர். ‘ஷி வோர் எ யெல்லோ ரிப்பன்’ (1949), ‘தி குயட் மேன்’ (1952) ஆகியவற்றுக்கும் விருது பெற்று அவர் ஷாம்ராயை நெருங்கினார். மாறாக, 1951-இல் ‘ஆன் அமெரிக்கன் இன் பாரிஸ்’ படத்தின் நீண்ட பாலே காட்சிக்காக விருதைப் பகிர்ந்துகொண்ட ஜான் ஆல்டன், கறுப்பு-வெள்ளைக் குற்றப் படங்களில் இருளை ஆண்டு பெயரெடுத்தவர். வண்ணம் இனி ஒரு நிறுவனத்தின் பணியாளர்களுக்கு மட்டும் உரிய மறைபொருள் அன்று என்பதற்கு அது ஓர் அடையாளம்.

அந்த மறைபொருள் முற்றிலும் உடைந்தது ஈஸ்ட்மென் கோடக் நிறுவனம் 1950-இல் வெளியிட்ட ஈஸ்ட்மென் கலர் நெகட்டிவால். சிவப்பு, பச்சை, நீலத்துக்கு உணர்திறன் கொண்ட மூன்று அடுக்குகளும் இதில் ஒரே சுருளின்மீது ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசப்பட்டிருந்தன. ஒவ்வோர் அடுக்கிலும் சாய இணைப்பிகள் எனப்படும் வேதிப்பொருள்கள் கலந்திருக்கும். சுருளைக் கழுவும்போது, ஒளி பட்ட இடத்தில் வெள்ளி உருவாகும் அதே வினையின் துணைவிளைவாக இந்த இணைப்பிகள் சாயமாக மாறும். பிறகு வெள்ளியை அகற்றிவிட்டால் சாயம் மட்டும் எஞ்சும். இதற்கு முப்பட்டகம் வேண்டியதில்லை. பெருத்த கேமராவும் வாடகை ஒளிப்பதிவாளரும் வேண்டியதில்லை. கறுப்பு-வெள்ளைப் படம் எடுத்த சாதாரணக் கேமராவே போதும். 1952-க்கான அறிவியல் தொழில்நுட்ப விருதை அகாடமி இந்தக் கண்டுபிடிப்புக்கு வழங்கியது. 1950களின் நடுப்பகுதிக்குள் மூன்று-சுருள் கேமராக்கள் ஓய்வுபெற்றன. ஒளிப்பதிவு விருதில் இரட்டைப் பெயர்களும் அதன்பின் அருகிப்போயின. வண்ணம் தனித் தொழிலாக இருந்ததால் தோன்றிய தனி விருது, அந்தக் காரணம் மறைந்த பின்னும் தொடர்ந்தது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

1957-இல் அகாடமி இரு பிரிவுகளையும் ஒன்றாக்கிப் பார்த்தது. பரிந்துரைக்கப்பட்ட ஐந்து படங்களும் வண்ணப் படங்களாகவே அமைந்தன. ஜேம்ஸ் வாங் ஹோ ஒளிப்பதிவு செய்த ‘ஸ்வீட் ஸ்மெல் ஆஃப் சக்சஸ்’, போரிஸ் காஃப்மனின் ‘12 ஆங்க்ரி மென்’ ஆகிய கறுப்பு-வெள்ளைச் சாதனைகள் அந்த ஆண்டில் வந்திருந்தும் பட்டியலில் இல்லை. அடுத்த ஆண்டே பிரிவுகள் மீண்டும் இரண்டாயின. அரிதாக இருந்த வண்ணத்துக்கு இடமளிக்க 1939-இல் எழுப்பப்பட்ட சுவர், 1958-க்குப் பிறகு கறுப்பு-வெள்ளையைக் காக்கும் அரணாக மாறிவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

ஒன்றாக்கப்பட்ட அந்த ஆண்டின் விருது ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படத்துக்காக ஜாக் ஹில்டியார்டுக்குக் கிடைத்தது. இலங்கையின் கித்துல்கலவில், களனி ஆற்றின் மீது பாலம் கட்டி எடுக்கப்பட்ட படம் அது. பள்ளிச் சுற்றுலா ஒன்றில் அந்தப் படப்பிடிப்பையும் இயக்குநர் டேவிட் லீனையும் நேரில் பார்த்ததே தன்னைத் திரைப்படத்தின் பக்கம் திருப்பியது என்று, மட்டக்களப்பில் பிறந்த பாலு மகேந்திரா பின்னாளில் பலமுறை கூறியிருக்கிறார்.

1959 முதல் வண்ண விருது பெரும்பாலும் அகன்ற சுருள்களின் கையில் இருந்தது. ‘பென்-ஹர்’, ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’, ‘கிளியோபாட்ரா’, ‘மை ஃபேர் லேடி’ எனப் பெரும்பொருள் செலவிட்ட படங்களே வரிசையாக வென்றன. அவற்றுள் காலத்தைத் தாண்டி நிற்பது 1962-இன் ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’. பாலைவனத்தின் கானல்நீரிலிருந்து ஓர் ஒட்டகக்காரன் புள்ளியாகத் தோன்றி மெல்ல உருப்பெறும் காட்சிக்காக ஃபிரெடி யங் 482 மில்லிமீட்டர் குவிய நீளமுள்ள தொலைநோக்கு லென்ஸைப் பயன்படுத்தினார். அத்தகைய லென்ஸ் தொலைவைச் சுருக்கி, இடையிலுள்ள சூடேறிய காற்றடுக்குகளின் நடுக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டும். நிறம் அங்கே மணலுக்கும் வானுக்கும் இடைப்பட்ட ஓர் அலையாக மட்டுமே மிஞ்சுகிறது.

இதற்கிடையில் அமெரிக்கத் தொலைக்காட்சி 1966-க்குள் தன் முக்கிய மாலைநேர நிகழ்ச்சிகளை வண்ணத்துக்கு மாற்றிவிட்டது. தொலைக்காட்சிக்கு விற்பதை எதிர்நோக்கிய படநிறுவனங்களுக்குக் கறுப்பு-வெள்ளைப் படம் எடுப்பதில் ஆதாயம் இல்லாமற் போயிற்று. 1966-இல் ‘எ மேன் ஃபார் ஆல் சீசன்ஸ்’ படத்துக்காக டெட் மூர் வண்ணத்துக்கான கடைசித் தனி விருதைப் பெற, ‘ஹூ இஸ் அஃப்ரெய்ட் ஆஃப் வர்ஜீனியா உல்ஃப்’ படத்துக்காக ஹாஸ்கல் வெக்ஸ்லர் கறுப்பு-வெள்ளைக்கான கடைசி விருதைப் பெற்றார். 1967 முதல் பிரிவு ஒன்றே. அதன்பின் கறுப்பு-வெள்ளையில் அமைந்த ஒரு படம் இந்த விருதைப் பெற 1993-இன் ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தியாவின் வரலாறு இதற்கு நேர்மாறாகத் தொடங்குகிறது. ஹாலிவுட் பிரிவினையைக் கைவிட்ட அதே 1967-இன் படங்களிலிருந்துதான், நம் தேசியத் திரைப்பட விருதுகளில் ஒளிப்பதிவுக்கு வண்ணம், கறுப்பு-வெள்ளை என இரு விருதுகள் வழங்கப்படலாயின. வண்ணத்துக்கான முதல் விருதை ‘ஹம்ராஸ்’ இந்திப் படத்துக்காக எம். என். மல்ஹோத்ரா பெற்றார். இதைப் பின்தங்கிய நிலை என்று எண்ணிவிடலாகாது. டெக்னிகலர் இந்தியாவுக்குப் புதியதன்று. சோராப் மோடியின் ‘ஜான்சி கி ராணி’யை 1950களின் தொடக்கத்தில் மூன்று-சுருள் முறையில் ஒளிப்பதிவு செய்ய வந்தவர், வண்ணத்துக்கான முதல் ஆஸ்கரைப் பகிர்ந்துகொண்ட அதே எர்னஸ்ட் ஹாலர். தமிழிலும் 1956-இலேயே ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ கேவா கலர் என்ற வண்ணச் சுருளில் வந்துவிட்டது. ஆனால் கச்சா பிலிம் வெளிநாட்டிலிருந்து அன்னியச் செலாவணி கொடுத்து வாங்க வேண்டிய பொருளாக இருந்ததால், வண்ணம் இங்கே நெடுங்காலம் பெரிய படங்களின் உரிமையாகவே நீடித்தது. 1970களில் இரண்டும் உயிரோடு இருந்தன, இரண்டிலும் தேர்ந்தவர்கள் இருந்தனர். 1975-இல் வண்ணத்துக்கான விருதைத் தெலுங்கு ‘முத்யால முக்கு’ படத்துக்காக இஷான் ஆர்யா பெற்றபோது, கறுப்பு-வெள்ளைக்கான விருது ‘அபூர்வ ராகங்கள்’ படத்துக்காக பி. எஸ். லோகநாத்துக்கு வந்தது. பாலு மகேந்திராவும் 1977-இன் கன்னடப் படமான ‘கோகிலா’வின் கறுப்பு-வெள்ளை ஒளிப்பதிவுக்கு முதலில் விருது பெற்று, பின்னர் ‘மூன்றாம் பிறை’யின் (1982) வண்ணத்துக்காகவும் பெற்றார். ஆஸ்கர் பட்டியலில் 1957-க்குப் பின் அரணாக நின்ற பிரிவினை, இங்கே உண்மையான தொழில்நிலையின் பிரதிபலிப்பாகவே இருந்தது.

விருது பெற்ற இப்படங்களின் நிறம் இன்று எந்த நிலையில் இருக்கிறது என்ற கேள்வியும் இந்த வரலாற்றோடு சேர்ந்ததே. டெக்னிகலரின் அச்சுச் சாயங்கள் உறுதியானவை. அம்முறையில் அடித்த பழைய பிரதிகள் பலவற்றில் நிறம் இன்றும் மங்கவில்லை. ஈஸ்ட்மென் கலரின் சாயங்களோ அடுக்குக்குள்ளேயே வேதிவினையால் பிறந்தவை. வெப்பத்திலும் ஈரத்திலும் அவை சிதையும். தொடக்க காலச் சுருள்களில் பசுநீலமும் மஞ்சளும் முதலில் வெளிறி, மெஜந்தா மட்டும் எஞ்ச, படமே செம்பழுப்பாகிவிடும். 1950களிலும் 60களிலும் தமிழில் எடுக்கப்பட்ட வண்ணப் படங்களின் பழைய பிரதிகளைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சிவப்பு பழக்கமானது. மூன்று-சுருள் நெகட்டிவ்களில் சாயமே இல்லை என்பதால் அவற்றுக்கு இந்த நோய் வராது. ஆயினும் ஷாம்ராய்க்கு முதல் மூன்று விருதுகளைத் தந்த ஃபாக்ஸ் நிறுவனம் அவ்வகை நெகட்டிவ்களை 1970களில் ஒற்றைச் சுருளுக்கு நகலெடுத்துக்கொண்டு அழித்துவிட்டது. தீப்பற்றக்கூடிய நைட்ரேட் சுருள்களைச் சேமிக்கும் செலவைத் தவிர்ப்பதற்காகச் செய்யப்பட்ட அந்தக் காரியம், திரைக்கலைக்கு நேர்ந்த ஈடுசெய்ய முடியாத இழப்புகளுள் ஒன்று. வண்ண நெகட்டிவை நெடுங்காலத்துக்குக் காக்க விரும்பும் காப்பகங்கள் இப்போதும் கையாளும் நம்பகமான வழி, அதன் சிவப்பு, பச்சை, நீலக் கூறுகளைப் பிரித்து, மூன்று தனித்தனிக் கறுப்பு-வெள்ளைச் சுருள்களில் வெள்ளியாகப் பதிந்து, குளிரூட்டிய அறையில் வைப்பதே.